கோயில் திருப்பணியில் கல்வெட்டுகள் அழிவதைத் தடுக்கக் கோரி மனு

அனுப்புநர்: ஊர்ப் பொதுமக்கள், கல்வெட்டுப் படியெடுப்போர்
பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

முன்பு தந்த மனுக்களுக்குப் பதில் இல்லாததால் மீண்டும் பணிந்து எழுதுகிறோம். கடைவீதிச் சிவன் கோயிலைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். அங்கு இப்போது நடக்கும் திருப்பணியில் சுவர்க் கல்வெட்டுகள் அழிகின்றன.

1. 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. அறிக்கை கோயில் திருப்பணி, குடமுழுக்குக்கு 1,000 கோடி ரூபாய் என்றது. பா.ஜ.க. அறிக்கை நிர்வாகத்தைத் தனி வாரியத்திடம் தருவோம் என்றது. பணம் எவ்வளவு, நிர்வாகம் யாரிடம் என்பதை மக்கள் தெரிந்துகொண்டார்கள். கல்லில் எப்படிக் கை வைப்பது என்பதோ ஒப்பந்தக்காரர் கையில் இருக்கிறது.

2. தரையை உயர்த்திக் கான்கிரீட்டும் டைல்ஸும் போடுவதால் கோயில் அடித்தளத்தின் கீழ்ப்பகுதியான ஜகதி புதைகிறது. மழைநீர் சுவரடிக்கே திரும்புகிறது.

3. எல்லாவற்றிலும் கொடுமை மணல்வீச்சு. அடித்தளத்தின் மேல் வரிசைகளான குமுதத்திலும் பட்டிகையிலும் எழுத்தின் ஆழம் சில மில்லிமீட்டர்தான். கம்ப்ரஸர் காற்றில் மணலை அடித்தால் எண்ணெய்ப் பிசுக்கோடு கல்லின் மேல்தோலும் உரிகிறது. மா, காணி, முந்திரி என நில அளவு சொல்லும் நுண்ணிய குறிகள் மழுங்கினால், கொடை கொடுத்தவர் பெயர் மிஞ்சினாலும் கொடுத்த நிலம் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. பிறகு பெயர்ந்த இடத்தில் சிமென்ட் பூசுகிறார்கள். அது ஈரத்தை உள்ளே அடைத்து, உப்புப் பூத்து, மிச்சக் கல்லையும் பொரித்துத் தள்ளுகிறது. குடமுழுக்கு நாள் குறித்தாயிற்று, இரண்டே நாளில் சுவர் பளிச்சென்று ஆக வேண்டும் என்பதுதானே ஐயா இந்த அவசரத்துக்குக் காரணம்? போன எழுத்தை எந்த ஆட்சி வந்து திருப்பித் தரும்?

4. கல்வெட்டை அப்படியே காகிதத்தில் பதித்து எடுக்கும் மைப்படிக்குப் பெருஞ்செலவு இல்லை. நார்த் தூரிகையும் தண்ணீரும் கொண்டு கல்லைக் கழுவி, நனைத்த காகிதத்தை ஒட்டி, எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கும்படி தட்டி, ஈரம் சற்று வற்றியதும் மை ஒற்றினால் போதும். இதைக்கூடச் செய்யாமல் மணலை அடிக்கலாமா?

5. பழமையான கட்டடங்களைக் காப்பதற்கான தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறி, நடைமுறைக்கு வர 2024 ஆயிற்று. அவ்வளவு காலம் சுவர் காத்திருக்காது.

ஆகவே மணல்வீச்சை உடனே நிறுத்துங்கள். படியெடுக்காமல் எந்தச் சுவரையும் தொடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். தேர்தலுக்கு முன் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளைத் தாங்கள் அழைக்கும் கூட்டத்தில் இம்மனுவின் நகலைக் கொடுங்கள். திருப்பணி வாக்குறுதியோடு படியெடுப்புக்கான தொகையையும் அவர்கள் அறிக்கையில் சேர்க்கட்டும். மீண்டும் வேண்டுகிறோம், முதலில் அந்த கம்ப்ரஸரை நிறுத்துங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்