விற்கக் கூடாது என்றால் அது என்ன வணிக விழா?

எங்கள் பேட்டை வசிப்போர் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பிப்ரவரி 6ஆம் தேதி சாயங்காலம் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், அக்கம்பக்கத்தார் தாங்கள் செய்வதை விற்க, ‘தடையற்ற வணிகம்’ என்ற தலைப்பில் நாங்கள் நடத்தக் கேட்ட சிறு விழாவின் விவரமெல்லாம் உங்களிடம் இருக்கிறது, அதைத் திரும்பச் சொல்லவில்லை. உங்கள் பதிலைப் பற்றித்தான் பேச வேண்டும். படங்கள் வைக்கலாம், பேசலாம், பலகாரமும் கொடுக்கலாம், ஆனால் காசு கைமாறக் கூடாது, தலைப்பில் ‘தடையற்ற வணிகம்’ வேண்டாம், ‘பகிர்வு மாலை’ என்று மாற்றுங்கள் என்கிறீர்கள். விற்கவே கூடாது என்றால் நாங்கள் எதைக் கொண்டாடுவது?

பத்தாவது மாடி அக்காவை உங்களுக்கே தெரியும். கணவருக்கு வேலை போனபோது முறுக்கு சுட ஆரம்பித்தவர், சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) அனுமதிக்கிற வீட்டுத் தொழில்தான், ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. எண்ணெய் விலை ஏறினால் பாக்கெட்டில் ஒரு முறுக்கைக் குறைப்பதா, ஐம்பது காசு கூட்டுவதா என்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போடுவார். பக்கத்துப் புளோக் மக்சிக் (மலாய் அம்மா) காரம் குறைவாகக் கேட்கிறார் என்று அவருக்குத் தனியாக மாவு பிசைவார். யாரும் உத்தரவு போடவில்லை, இருவருக்கும் லாபம், இதைத்தான் நாங்கள் கொண்டாட நினைத்தோம். அவரிடம் போய் உங்கள் உறுப்பினர் ஒருவர், ‘அன்றைக்கு இலவசமாகக் கொடுத்துவிடுங்களேன், நல்ல பெயர் கிடைக்கும்’ என்று சொல்லியிருக்கிறார். மாவும் எண்ணெயும் அக்காவுக்கு யாரும் சும்மா கொடுப்பதில்லை ஐயா. அவர் பதில் பேசவில்லை, ஆனால் விழாவுக்கு வர மாட்டேன் என்று எங்களிடம் சொல்லிவிட்டார்.

அந்தத் தேதியைச் சும்மா பிடிக்கவில்லை. 1819இல் அதே நாளில்தான் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராஃபிள்ஸ், ஜொகூர் சுல்தான் ஹுசைன், இங்கிருந்த மலாய்த் தலைவரான தெமெங்கோங் மூவரும் ஒப்பந்தம் போட்டார்கள், இந்தச் சிங்கப்பூர் சுங்க வரியில்லாத துறைமுகமாக எழுந்தது. அந்த ஆண்டே பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை செங்கல் சூளை போட்டார், துணிக்கடை வைத்தார், கடை தீயில் போன பிறகும் மறுபடி எழுந்தார். அப்புறம் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில், அதாவது வட்டிக்கடைக் கூடங்களில், செட்டியார்கள் கொடுத்த கடனில் எத்தனை கடைகள் பிறந்தன! இன்றைக்கும் மது, புகையிலை, வாகனம், எரிபொருள் தவிர வேறெதற்கும் இங்கே சுங்கத் தீர்வை கிடையாது. அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை, நாம் குடியிருக்கும் வீட்டையே வீவகதான் கட்டியது. ஆனால் வாங்கி விற்றுப் பிழைத்த ஊரில் லாபம் என்ற சொல்லைச் சொல்லவே ஏன் இவ்வளவு கூச்சம்? கேலாங் சிராய் ரமலான் சந்தையில் ஆயிரக்கணக்கான வெள்ளி (டாலர்) வாடகை கட்டக்கூடியவர் கடை போடலாம், நான்கு மேசை போட்டு அக்கம்பக்கத்தார் விற்றால் மட்டும் ஒழுங்கு கெட்டுவிடுமா? நம் பேட்டைப் பிள்ளைகள் தொழில் என்றால் என்னவென்று எங்கேதான் பார்ப்பார்கள்?

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்பது ஒன்றுதான், விற்க விடுங்கள். சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் அனுமதி வாங்க வேண்டுமென்றால் நாங்களே விண்ணப்பிக்கிறோம், இடத்தைக் கழுவித் துடைத்துத் தருகிறோம், உங்கள் ஆதரவுக் கடிதம் மட்டும் போதும். தலைப்பும் அப்படியே இருக்கட்டும். அடுத்த கூட்டத்தில் எங்களுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கித் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அக்காவையும் அழைத்து வருகிறேன், அவரிடம் நீங்களே நேரில் பேசுங்கள்.

இப்படிக்கு,
அதே புளோக்கில் குடியிருக்கும் ஒருவன்