செயலாளர் ஆண்டறிக்கை: வைத்தவர்தான் எடுக்க வேண்டும்

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கங்களில் இருந்து வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மழையால் தள்ளிப்போன ஐப்பசிக் கூட்டம் தவிர, மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. புதிதாகச் சேர்ந்தவர்களில் கல்லூரி மாணவர்களே அதிகம். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றே கட்டிவிடுங்கள். மீதி நேரம் முழுக்க ஒரே விஷயம்தான்: ஜியோகேச்சிங் விளையாட்டுக்காக நாம் வைத்துவிட்டு மறந்துபோன பெட்டிகள்.

புதியவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. ஜி.பி.எஸ். சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000 மே 2 அன்று நீக்கியது. மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியை மறைத்து வைத்து, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போட்டார். ஒருவர் பெட்டியை மறைத்து இடத்தின் எண்களைத் தளத்தில் போட, மற்றவர்கள் தேடிக் கண்டுபிடித்து உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் எழுதிவிட்டு வருகிற ஜியோகேச்சிங் அங்கே ஆரம்பித்தது. அந்த வாளிக்குள் ஒரு பீன்ஸ் டப்பாவும் இருந்தது. இன்று பெட்டியில் தின்பண்டம் எதுவும் வைக்கக் கூடாது என்பது விதி. ஏன் என்று இந்தத் தை மாதம் கண்ணால் பார்த்தோம்.

விரிஞ்சிபுரம் பக்கம் பாலாற்றங்கரையில் ஒரு பெட்டி. வைத்த தம்பி வேலை கிடைத்து பெங்களூர் போய்விட்டார். தேடிப் போனவர்கள் 'கிடைக்கவில்லை', 'டப்பா உடைந்திருக்கிறது' என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். பதில் இல்லை. தளத்தின் சார்பில் பெட்டிகளைச் சரிபார்க்கும் ரிவியூவர் முதலில் பெட்டியின் இணையப் பக்கத்தைத் தற்காலிகமாக முடக்கி, அவகாசம் கொடுத்துப் பார்த்து, கடைசியில் ஆர்க்கைவ் செய்து மூடிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காட்பாடி உறுப்பினரும் நானும் போனோம். சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. நாற்பது நிமிடம் தேடிய பிறகு, ஒரு பனைமரத்தின் தூரில் கல்லுக்கு அடியில் நீல மூடி தெரிந்தது. கத்தரி வெயிலில் காய்ந்து கிளிப் இரண்டும் முறிந்திருந்தன. உள்ளே பழுப்புத் தண்ணீர். யாரோ போட்ட மிட்டாயைச் சுற்றி எறும்புப் புற்று. குறிப்பேடு ஊறிய அப்பளம் மாதிரி கைபட்ட இடத்தில் எல்லாம் பிய்ந்து வந்தது. பேனாவில் எழுதியது அத்தனையும் கரைந்து நீலக் கறையாகிவிட்டது. பென்சிலில் எழுதிய ஒரு பக்கம் மட்டும் தப்பியிருந்தது: "அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. வேலூர் வந்து இன்னைக்குத்தான் வெளியே நடந்தேன். பெட்டிக்கு நன்றி."

அந்தப் பக்கத்தைக் காய வைத்துச் சங்கக் கோப்பில் வைத்திருக்கிறேன். நம் ஊருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வைத்தியத்துக்கு வருகிறவர்கள், இல்லாவிட்டால் படிக்க வருகிறவர்கள். ஒரு டப்பாவும் ஒரு நோட்டும் அவர்களுக்கு என்ன கொடுக்கும் என்று அந்த மூன்று வரி சொல்கிறது. அதே டப்பாவை அழுக விட்டது நாம்தான்.

பெங்களூர் தம்பிக்கு போன் போட்டேன். "அண்ணா, அது இன்னுமா இருக்கு? ஆர்க்கைவ் ஆனதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பாலமதி போகும் வழியில் நான் வைத்த பெட்டியும் இதே நிலையில்தான் கிடந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போன பிறகு இரண்டு வருடம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. குரங்கு மூடியைப் பிடுங்கிப் போட்டு, உள்ளே இருந்த பிளாஸ்டிக் பொம்மையும் கவரும் சரிவு முழுக்கச் சிதறியிருந்தன. முழங்காலில் ஊர்ந்து பொறுக்கினேன். வருத்தமாக இருந்தது.

ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தளத்தில் இருப்பது பெட்டியின் விவரம் மட்டும்தான். பக்கத்தை மூடினால் பெட்டி தானாக வீட்டுக்கு வந்துவிடாது. பெட்டி தளத்துக்குச் சொந்தமும் இல்லை, ரிவியூவருக்குச் சொந்தமும் இல்லை. வைத்தவருடையது. ஈரம் பட்டால் நோட்டு மாற்றுவதும், உடைந்தால் டப்பா மாற்றுவதும், வேண்டாம் என்றால் எடுத்து வருவதும் அவர் வேலை. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே 161 மீட்டர் இருக்க வேண்டும் என்ற விதி எல்லோருக்கும் மனப்பாடம். வைத்தவரால் போய்ப் பார்த்துக்கொள்ள முடிகிற தூரத்தில்தான் வைக்க வேண்டும் என்பதும் விதிதான். அதை யாரும் நினைவில் வைப்பதில்லை.

பெட்டி காணாமல் போய், பக்கம் மட்டும் திறந்தே இருந்தால் கேடு இன்னும் அதிகம். திறந்த வெளியில்கூட ஜி.பி.எஸ். சில மீட்டர் தள்ளிக் காட்டும். மரத்தடியிலும் பாறை இடுக்கிலும் அதைவிட மோசம். வருகிறவர் விட மாட்டார். இல்லாத பெட்டிக்காக ஒவ்வொரு கல்லாகப் புரட்டுவார். பழைய மதில், பாம்புப் புற்று, கிணற்று மேடு எதுவும் மிஞ்சாது. 2021 நவம்பர் பாலாற்று வெள்ளத்தில் போன பெட்டிகளின் பக்கங்களை நாம் எவ்வளவு தாமதமாக மூடினோம் என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம் போலீஸ் விவகாரம். இங்கிலாந்தில் வெதர்பி என்ற ஊரில் 2011-இல் ஒரு பெட்டியை வெடிகுண்டு என்று நினைத்து, நிபுணர்கள் வந்து வெடிக்கவைத்தே அழித்தார்கள். நம் ஊரிலும் இந்த ஆண்டு ஒரு பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த டப்பாவைக் கடைக்காரர் ஒருவர் பார்த்துப் பயந்து தகவல் சொல்லிவிட்டார். மூடியில் விளையாட்டின் பெயரும் ஒரு போன் நம்பரும் எழுதியிருந்ததால் அரை மணி நேரப் பேச்சில் முடிந்தது. அந்த நம்பர் ஊரை விட்டுப் போனவருடையதாக இருந்து, அடித்தும் எடுக்காமல் இருந்திருந்தால்? டப்பாவை அன்றே எடுத்துவிட்டோம். கடைக்காரர் பயந்தது நியாயம், அவரிடம் மன்னிப்பும் கேட்டோம்.

இந்த ஆண்டு அதிகம் வாக்குவாதம் நடந்தது ஒரு கேள்வியில்தான்: அடுத்தவர் பெட்டியை நாம் எடுக்கலாமா? மூத்த உறுப்பினர் ஒருவர் கூடவே கூடாது என்றார். காணாமல் போன பெட்டிக்குப் பதிலாக, வைத்தவரைக் கேட்காமல் புது டப்பா போட்டுவிட்டு வருவது எப்படித் தவறோ, இதுவும் அப்படியே என்பது அவர் வாதம். பாதி நியாயம். பக்கம் திறந்திருக்கும் வரை யாரும் கை வைக்கக் கூடாது. பழுதைத் தளத்தில் எழுதுவதோடு நிற்க வேண்டும். ஆனால் பக்கம் ஆர்க்கைவ் ஆகி, வைத்தவருக்குச் செய்தி அனுப்பி 4 வாரம் காத்திருந்தும் பதில் இல்லை என்றால், அதைக் காட்டிலேயே விட்டுவைப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எடுப்போம். எடுத்த இடத்தைப் படம் பிடிப்போம். டப்பாவைத் துடைத்து ஒரு வருடம் சங்கத்தில் வைத்திருப்போம். அவர் கேட்டால் கொடுத்துவிடுவோம்.

வைக்கும்போதே யோசித்தால் இதில் பாதி வேலை மிச்சம். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அகழி ஓரத்தில்கூடப் பெட்டி வேண்டாம். வள்ளிமலைக் குகையில் ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. அங்கே கல்லைப் புரட்ட யாருக்கும் காரணம் கொடுக்கக் கூடாது. குரங்கணித் தீக்குப் பிறகு 2018-இல் மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்துவிட்டன, அதனால் காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். பாறையைக் காட்ட ஆசை என்றால், வருகிறவர் இடத்தைப் பார்த்துக் கேள்விக்குப் பதில் சொல்கிற எர்த்கேச் போடுங்கள். அதற்கு டப்பாவே தேவையில்லை.

நான் முன்வைக்கும் தீர்மானம் இதுதான். படிப்போ வேலையோ முடிந்து ஊரை விட்டுக் கிளம்புகிற உறுப்பினர், கிளம்பும் முன் தன் பெட்டிகளை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் இங்கே இருப்பவர் ஒருவர் பெயருக்குத் தளத்திலேயே மாற்றிக் கொடுக்க வேண்டும். வைத்தவர் சம்மதம் இல்லாமல் பிறகு யாராலும் மாற்ற முடியாது. ரயில் ஏறும் அன்று ஞாபகம் வராது, தம்பி தங்கைகளே. கடைசிப் பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள், நாங்கள் கூட வருகிறோம்.

வரும் ஞாயிறு காலை 6 மணிக்குப் பாலமதி அடிவாரத்தில் கூடுகிறோம். சாலையோரத்தில் இரண்டு அனாதைப் பெட்டிகள் பாக்கி. கோணிப்பை, கையுறை, தண்ணீர் கொண்டு வாருங்கள். விரிஞ்சிபுரம் பெட்டியில், கண்டெடுப்பவர்கள் பெட்டிக்குப் பெட்டி எடுத்துப் போகிற எண் பொறித்த பயண வில்லை ஒன்றும் இருந்தது. அது ஜெர்மனிக்காரர் ஒருவருடையது, அது கடல் பார்க்க வேண்டும் என்று தளத்தில் அதற்குரிய பக்கத்தில் எழுதியிருக்கிறார். அடுத்த மாதம் புதுச்சேரி போகிற உறுப்பினர் அதை என்னிடம் வாங்கிக்கொள்ளவும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்