அழ வைத்தால்தான் பட்டறையா?

ஆசிரியருக்கு,

‘உங்கள் வாழ்க்கைக் கதையைச் சொல்லுங்கள்’ என்ற அழைப்போடு குழுப் பட்டறைகள் பெருகிவருகின்றன. நல்லதுதான். ஆனால் பல இடங்களில், வந்தவர்கள் ஒருவர் பெயரை ஒருவர் தெரிந்துகொள்வதற்குள் ‘உங்களை மிகவும் வலித்த நாள் எது?’ என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். நாலு பேர் அழுதால் பட்டறை வெற்றி என்று நினைப்பு. இத்தகைய குழுக்களை நடத்துபவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

‘வாழ்க்கை மரம்’ பயிற்சியையே பாருங்கள். ஒரு மரத்தை வரைந்து, அதன் ஒவ்வொரு பாகத்திலும் தன் வாழ்க்கையின் ஒரு பகுதியைக் குறிப்பது. ஜிம்பாப்வே உளவியலாளர் என்கஸெலோ என்கூபேயும் ஆஸ்திரேலியாவின் டேவிட் டென்பரோவும் சேர்ந்து உருவாக்கியது. பெற்றோரை இழந்த குழந்தைகளிடம் எடுத்த எடுப்பில் இழப்பைப் பற்றிக் கேட்டால், அவர்கள் அதிலேயே மூழ்கிவிடுவார்கள் என்ற கவலையில் பிறந்த முறை இது. அதனால் இதில் வரிசைதான் உயிர். வேரில், வந்த வழி. நிலத்தில், அன்றாடம் செய்யும் காரியங்கள். அடிமரத்தில் கைவந்த திறமைகள், கிளைகளில் ஆசைகள். இலைகள் முக்கியமான மனிதர்கள். இறந்தவர்களுக்கும் அங்கே இடமுண்டு. பழங்கள், பிறர் நமக்குத் தந்தவை. எல்லா மரங்களையும் சுவரில் ஒட்டிக் காடாக்கிய பிறகுதான் புயல், அதாவது வாழ்க்கையில் வரும் துன்பம், பற்றிய பேச்சே வரும். அதுவும் ‘என் புயல்’ என்றல்ல; ‘மரங்களுக்கு என்னென்ன ஆபத்து வரும்?’ என்று பொதுவாக. புயலை முன்னால் கொண்டுவந்தால் மரம் வரைந்ததற்கே அர்த்தமில்லை.

வந்த வாழ்க்கையை ஓடும் ஆறாக வரையும் ‘வாழ்க்கை நதி’யில் சிக்கல் வேறு. தாள் குறைந்தது ஏ3 அளவு வேண்டும். சின்னத் தாளில் பள்ளிப் பருவத்திலேயே பாதி இடம் போய்விடும். பென்சிலும் ரப்பரும் வேண்டாம். கொடுத்தால் அழகு பார்த்து அழித்து அழித்து வரைவார்கள், ‘எனக்கு வரைய வராது’ என்று இரண்டு பேர் ஒதுங்குவார்கள். தடித்த கிரேயான் போதும். விரல் பிடிப்பு குறைந்த முதியவர்களுக்கும் அதுவே வசதி. வரைய 25 நிமிடம், பகிர ஆளுக்கு 7 நிமிடம். எட்டுப் பேர் என்றால் பகிர்வு மட்டும் 56 நிமிடம். அறிமுகம், இடைவேளை, முடிவுச் சுற்று சேர்த்து இரண்டு மணி நேரத்தில் அடங்கும். பன்னிரண்டு பேரைச் சேர்த்தால் கேட்பதற்கே 84 நிமிடம். கடைசி ஆள் வாய் திறக்கும்போது யாருக்கும் காது இருக்காது. அது அவருக்கும் தெரியும், இரண்டு வரியில் முடித்துக்கொள்வார். பெரும்பாலும் குழுவிலேயே கூச்சம் மிகுந்தவர் அவராகத்தான் இருப்பார்.

முதலில் பேசுபவரின் கதை எவ்வளவு கனமோ, மற்றவர்களும் அதே அளவைப் பிடித்துக்கொள்வார்கள், அல்லது ‘என் கதை ஒன்றுமே இல்லை’ என்று சுருங்கிவிடுவார்கள். ஆகவே நடத்துபவரே மிதமான ஒரு கதையை மூன்று நிமிடத்தில் சொல்லித் தொடங்கிவைப்பது நல்லது. படத்தைக் காட்டி ‘இங்கே ஏன் கறுப்பு?’ என்பது விசாரணை. ‘இதில் எதைப் பற்றிச் சொல்லப் பிரியம்?’ என்று கேட்கலாம். அறிவுரைக்கும் ‘எனக்கும் இப்படித்தான்’ என்பதற்கும் தடை போட வேண்டும். இரண்டாவதைத் தடுப்பதுதான் பெரும்பாடு. அன்பாகத்தான் சொல்வார்கள், ஆனால் பேச்சு கைமாறிப் போயிருக்கும்.

எழுதப் பிடித்தவர்களுக்கு, அமெரிக்க முதுமையியல் அறிஞர் ஜேம்ஸ் பிர்ரன் 1970களில் வகுத்த முறை பொருந்தும். சந்திப்புக்கு ஒரு தலைப்பு. வீட்டில் இரண்டு பக்கம் எழுதிவந்து சிறு குழுவில் வாசிப்பது. வாழ்க்கை திசை மாறிய இடங்கள்தான் முதல் தலைப்பு. மரணம் பிற்பாடுதான் வரும்.

வாழ்நாளைக் குறிக்க ஒரு கயிற்றை நீட்டி, அதில் துயரங்களுக்குக் கல்லும் மகிழ்ச்சிகளுக்குப் பூவும் வைக்கும் முறையையும் சிலர் குழுவில் செய்துபார்க்கிறார்கள். அது கொடும் அனுபவங்களுக்கு ஆளானவரோடு பயிற்சி பெற்ற ஒருவர் தனியாக அமர்ந்து செய்யும் சிகிச்சையின் பகுதி. குழுவுக்கு அது வேண்டாம்.

யாராவது உடைந்து அழுதால் ஓடிப்போய் அணைக்கவோ, ‘எல்லாம் கொட்டிவிடுங்கள்’ என்று தூண்டவோ கூடாது. கொஞ்சம் பொறுத்து, ‘தொடரலாமா, இங்கே நிறுத்தலாமா?’ என்று கேளுங்கள். முடிவு அவருடையது. மறுநாள் ஒரு தொலைபேசி அழைப்பு அவசியம். தேவையென்றால் மனநல ஆலோசகரிடம் வழிகாட்ட வேண்டும். படங்கள் வரைந்தவரோடு வீட்டுக்குப் போக வேண்டும், வாட்ஸ்அப் குழுவுக்கு அல்ல.

இத்தகைய பட்டறைகளின் அறிவிப்பு உங்கள் நாளிதழில் வரும்போது, எத்தனை பேர், எவ்வளவு நேரம், நடத்துபவரின் பயிற்சி என்ன, சொல்ல விருப்பமில்லாதவர் சும்மா இருக்கலாமா என்ற விவரங்களையும் அமைப்பாளர்களிடம் கேட்டு வெளியிட வேண்டுகிறோம்.

– குழுப் பயிற்சி நடத்துநர்கள் சிலர்