ஜனவரிக்கு நாவல் கேட்கும் பதிப்பாளர்களுக்கு

அன்புள்ள பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். ஆடி பிறந்தால் போதும், உங்களில் யாராவது ஒருவர் போன் செய்து, "புக் ஃபேருக்கு நாவல் வந்துடுமா?" என்று கேட்டுவிடுகிறீர்கள். அன்பாகத்தான் கேட்கிறீர்கள். பொங்கலை ஒட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியை நம்பித்தான் உங்கள் வருஷக் கணக்கே ஓடுகிறது என்பது எனக்கும் தெரியும். 1977-இல் தொடங்கிய அந்தக் காட்சி இல்லாவிட்டால் என்னை இத்தனை பேர் வாசித்திருக்கவே மாட்டார்கள். ஆனாலும் இதைச் சொல்லியாக வேண்டும்.

இப்போது எழுதிக்கொண்டிருப்பது 1876-78இன் தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி. நிவாரண வேலையில் மண் வெட்டும் ஒரு குடும்பம். காலை நான்கரைக்கு எழுந்தால் ஏழு மணிவரை எழுதலாம், அப்புறம் ஆபீஸ். நல்ல நாளில் ஒன்றரைப் பக்கம் வரும். லீவு போட்ட நாட்களில் எழும்பூர் ஆவணக் காப்பகம், இல்லையென்றால் தரமணியில் ரோஜா முத்தையா நூலகம்.

1877 தொடக்கத்தில், பஞ்சத்தைப் பார்வையிட வந்த ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணக் கூலியைக் குறைத்தார். ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், மேற்கொண்டு ஓர் அணா என்று கணக்கு. எட்டாம் அத்தியாயத்தில் அதை 'ஒரு கைப்பிடிச் சோறு' என்று எழுதிவிட்டேன். பிறகு ஒருநாள் சந்தேகம் வந்து, 450 கிராம் அரிசியை நிறுத்து வடித்துத் தாம்பாளத்தில் கொட்டினேன். குவியலாக நின்றது. எனக்குக் கை ஓடவில்லை. நான் எழுதிய கைப்பிடி பொய். பொழுதுக்கும் மண் வெட்டுகிறவனுக்கு, பருப்பும் எண்ணெயும் கண்ணில் படாதவனுக்கு, அந்தக் குவியல் போதாது. தின்றுகொண்டே வற்றிப்போகிற உடம்பை அல்லவா எழுத வேண்டும்! அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுத ஏழு வாரம் பிடித்தது.

போன நாவலில் இந்த ஏழு வாரம் எனக்குக் கிடைக்கவில்லை. நவம்பரில் கொடுத்தேன், டிசம்பர் கடைசியில் பிழை பார்க்க மெய்ப்பு வந்தது, நானூறு பக்கத்துக்கு இரண்டு நாள் கெடு. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் இறந்துபோன பாட்டி, பத்தொன்பதில் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். மதுரையிலிருந்து ஒரு வாசகர் கூப்பிட்டு, "அம்மா, அந்தப் பாட்டிக்காக நான் அழுதேனே" என்றார். அவருக்கு நான் என்ன சொல்ல முடியும்? பணம் கொடுத்து வாங்கியவர் அவர்.

உங்களிடம் கேட்பது பெரிய விஷயமில்லை. கைப்பிரதியை முழுசாகப் படித்து, 'இந்த இடம் இடிக்குது' என்று சொல்ல ஓர் ஆளை வையுங்கள். மெய்ப்புக்கு இரண்டு மாதம் கொடுங்கள். சித்திரையிலோ ஆவணியிலோ நாவல் வந்தால் வரட்டுமே. அடுத்த ஜனவரியிலும் அதே அடுக்கில் இருக்கத்தானே போகிறது? புதிதாக எழுத வருகிற பிள்ளைகளுக்கு உங்களிடம் மறுத்துப் பேசத் தைரியம் இருக்காது. அவர்களுக்காகவும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

இப்போது பதினோராம் அத்தியாயத்தில் இருக்கிறேன். குடும்பம் இன்னும் சென்னைக்கு வந்து சேரவில்லை. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய் வேலை இனிமேல்தான். வருகிற ஜனவரிக்கு இது முடியாது. முடிந்ததும் நானே கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் நாவலாசிரியை ஒருத்தி