மகளுக்கு, தபாலில்

அன்புள்ள மகளுக்கு,

சுகமாக இருக்கிறாயா? நானும் தம்பியும் சுகம். தம்பிக்குச் சோதனை நெருங்குகிறது, அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு படிக்கிறான். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். வேறு புதினம் இல்லை.

வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் ஏன் தபாலில் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். கையால் எழுதின தமிழை அந்த வீட்டில் நீ ஒருத்திதான் வாசிப்பாய். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அழுத உன்னை இழுத்துக்கொண்டு போனது இதற்காவது உதவட்டும்.

முந்தி ஒவ்வொரு ஷிப்டும் முடிய வேலையில் என்ன நடந்தது என்று கேட்பாய். இப்போது கேட்பதில்லை. ஆகவே நானே எழுதுகிறேன்.

நான் வேலை செய்கிற எங்கள் ஆதரவு வீட்டுக்குப் புதிதாக ஒரு பிள்ளை வந்திருக்கிறாள். பெயர் எழுதக்கூடாது, உனக்கே தெரியும். மற்றப் பிள்ளைகளில் பாதிப்பேர் கவுன்சிலின் பராமரிப்பில் வளர்ந்து பதினெட்டு வயதில் வெளியே வந்தவர்கள். இவள் அப்படியில்லை. தாய் தகப்பனோடு இருந்து படித்தவள். பிறகு ஒருத்தரோடு சேர்ந்து இருந்து, அங்கிருந்து ஒரு முதுகுப்பையோடு வந்தாள். நான்தான் அவளுடைய கீ வேர்க்கர், அவளுக்குப் பொறுப்பான ஆள்.

வந்த புதிதில் கடைக்குப் போய்ப் பாணும் பாலும் வாங்கி வந்தாள். நேராக ஒபிசுக்கு வந்து றிசீட்டை மேசையில் விரித்து, மிச்சச் சில்லறையை அதன் மேல் அடுக்கிவைத்துவிட்டு நின்றாள். யாரும் கேட்கவில்லை. “இது உன் காசு, எனக்குக் காட்டத் தேவையில்லை” என்றேன். விளங்காதவள் மாதிரி என் முகத்தைப் பார்த்தாள். அடுத்த நாளும் கொண்டுவந்தாள். குளிக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் குளிப்பாள்.

அடித்தால்தான் குற்றம் என்று நம்முடைய ஆட்கள் நினைக்கிறார்கள். இங்கே இங்கிலாந்தில் 2015இல் வந்த சட்டப்படி, கூட இருக்கிறவளைக் காசையும் போனையும் வைத்துக் கட்டிவைத்திருப்பதும் குற்றம், ஐந்து வருடம் வரை மறியல் கிடைக்கலாம். 2021 சட்டத்தில் காசை வைத்து ஆட்டுவதைத் தனியாகவே எழுதியிருக்கிறார்கள். இப்படி வீட்டை விட்டு வருகிறவளுக்குக் கவுன்சில் இட உதவியில் முன்னுரிமை கொடுக்கவேண்டும் என்பதும் அதில்தான் வந்தது. அவளுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது, படித்த பிள்ளை.

யூனிவர்சல் கிரெடிட் என்கிற அரசாங்க உதவிப் பணத்தில் முதல் காசு வர ஐந்து கிழமை. அதுவரைக்கும் ஃபூட் பாங்க் கடிதம், முற்பணத்துக்கு விண்ணப்பம், டொக்டரிடம் பதிவு, பழைய பாங்க் கணக்கை மூடிப் புதிதாகத் திறப்பது என்று எல்லாவற்றுக்கும் கூடப்போனேன். இப்போது வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள். எங்கள் மாதிரி இடங்களில் வாடகை கூட. சம்பளம் வரத் தொடங்கினால் வாடகைக்குக் கிடைக்கிற ஹவுசிங் பெனிஃபிட் குறையும், மிச்சத்தை அவள்தான் கட்டவேண்டும். உழைக்க நினைக்கிற பிள்ளையைத் தடுக்கிற கணக்கு இது. எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

பாஸ்போர்ட்டும் பாங்க் கார்ட்டும் உன் கைப்பையிலேயே இருக்கட்டும். சம்பளம் உன் பெயரில் உள்ள கணக்குக்கே வரட்டும்.

மாமி இன்னும் “கக்கூஸ் கழுவுற வேலையோ” என்று கேட்கிறா. நீ பக்கத்தில் இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பாய். இந்த வேலைக்குக் குற்றப் பதிவு இருக்கிறதா என்று பார்க்கிற டிபிஎஸ் படிவத்தை நிரப்பித் தந்தது நீ. இரவில் ஸ்லீப்-இன் என்று வேலையிடத்திலேயே தங்கினால் படுத்திருக்கிற நேரத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் இல்லை என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, என்னை விட நீதான் கொதித்தாய். பிள்ளைகளைப் பற்றிக் கேஸ் நோட் எழுதப் பழக்கியதும் நீதான். “கண்டதை எழுதுங்கோ அம்மா, நினைச்சதை எழுதாதேங்கோ” என்றாய். மனேஜர் இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு என் நோட்டைத்தான் காட்டுகிறா. என் மகள் ஃபார்மசிஸ்ட், அவள் பழக்கியது என்று எல்லோருக்கும் சொல்லுவேன்.

அதனால் கண்டதை மட்டும் எழுதுகிறேன். போன கோடையில் வந்தபோது ஈலிங் றோட்டில் கத்தரிக்காய் வாங்கின றிசீட்டைக்கூட மடித்துப் பர்சில் வைத்தாய். நான் போன் எடுத்தால் ஸ்பீக்கரில் போடுகிறாய், பக்கத்தில் ரிவி சத்தம் நின்றுவிடும். அப்பாவின் திவசத்துக்கு நீ வரவில்லை. “அவருக்கு வேலை” என்றாய். உனக்கு வேலை என்றால் எனக்கு விளங்கும். அப்பா இருந்திருந்தால் லீட்ஸுக்கு வந்து உன்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போயிருப்பார். பெரியம்மா கேட்டதற்கு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு பிள்ளையை ஒரு நாள் முழுக்கக் காணவில்லை என்றால் கதவைத் தட்டுவோம். பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். பதில் இல்லாவிட்டால் மாஸ்டர் சாவி இருக்கிறது, திறந்து பார்ப்போம். உன் கதவுக்கு என்னிடம் அப்படி ஒரு சாவி இல்லை.

ஒன்றும் இல்லையென்றால் சந்தோசம். அம்மாவுக்கு வேலை மூளையில் ஏறிவிட்டது என்று ஏசு, கேட்டுக்கொள்கிறேன். அவர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனாலும் பாஸ்போர்ட் உன் கையிலேயே இருக்கட்டும். மொபைலில் இருந்து அவசர நம்பர் 999 எடுத்துக் கதைக்க முடியாவிட்டால் 55ஐ அமத்தினால் போதும், பொலிசுக்கு மாற்றிவிடுவார்கள். எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பது, உனக்கும் சொல்கிறேன்.

இன்னொன்றும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம். பக்கத்தில் ஆள் இருந்தால் கதைக்கமுடியாது, அதனால் முன்கூட்டியே ஒரு சொல் பேசிவைப்போம். ஞாயிற்றுக்கிழமை காலமை உனக்குப் போன் எடுப்பேன். கறித்தூள் இருக்கிறதா என்றுதான் கேட்பேன், எப்போதும் கேட்கிறதுதானே. “கிடக்குது அம்மா, அனுப்பாதேங்கோ” என்றால் நான் வேறு கதை கதைத்துவிட்டு வைத்துவிடுவேன், பிறகு இதைப் பற்றி உன்னிடம் வாய் திறக்கமாட்டேன். “முடிஞ்சுது” என்றால் நான் கோச் ஏறுகிறேன். லண்டன் விக்டோரியாவில் இருந்து லீட்ஸுக்கு இரவிலும் கோச் ஓடுகிறது. தம்பி தன் அறையை உனக்குத் தருவதாகச் சொல்லிவிட்டான், ஏன் என்று கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டுக் கிழித்துப் போடு. வேலை இடத்துக் குப்பைவாளியில் போடு, வீட்டில் வேண்டாம்.

அம்மா