கண்ணாடி போட்ட டீச்சர்

நாகர்கோவில்,
ஞாயிறு மாலை

அன்புள்ள ராஜம்,

பொங்கலுக்கு எழுதுவதாகச் சொன்னவள் ஆடிச் சாரலில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். மூட்டுவலி அப்படியே, மருமகள் நலம், கொல்லையில் நின்ற அயனி மரம் காற்றில் விழுந்துவிட்டது.

விஷயம் வேறு. நம் பெரிய டீச்சருக்குச் சிலை வைக்கிறார்கள். பழைய மாணவிகள் பணம் திரட்டியாகிவிட்டது. போன வாரம் மயிலாடிக்குப் போய்ப் பட்டறையில் களிமண் மாதிரியைப் பார்த்தேன். சாட்சாத் மகாலட்சுமி! மூக்குத்தி, அட்டிகை, இருபது வயது இடுப்பு. "சிலை என்றால் லட்சணமாக இருக்க வேண்டாமா?" என்கிறார்கள் கமிட்டியில். கண்ணாடியைக் காணோம். நம் முதுகுக்கு நன்கு பழக்கமான அந்தக் குடையையும் காணோம்.

சிற்பியைக் குறை சொல்ல மாட்டேன். பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றுதான் அவர் கையில் இருக்கிறது. "கல்லில் கண்ணாடிக் கம்பி நிற்காதும்மா, தெறித்துவிடும்" என்றார். காந்திக்கு மட்டும் நிற்கிறதா என்றேன். சிரித்துவிட்டார். "அவருக்குத் தனியாகக் கம்பியில் செய்து மாட்டுவோம்." டீச்சர் காதும் காதுதானே!

லண்டன் கதை நினைவிருக்கிறதா? 1792-லேயே பெண்ணுரிமைக்காகப் புத்தகம் எழுதிய மேரி வுல்ஸ்டன்கிராஃப்டுக்குப் பத்து வருடம் பணம் சேர்த்து 2020-ல் சிலை வைத்தார்கள். உச்சியில் சின்னஞ்சிறு நிர்வாணப் பெண். இது மேரியின் உருவமல்ல, மேரிக்காகச் செய்தது என்றார் சிற்பி மேகி ஹாம்ப்ளிங். சிலர் போய்ச் சட்டை போர்த்திவிட்டார்கள். நீ கலையென்று வாதாடினாய். மார்பை மறைக்கும் தோள்சீலைக்காக அடிபட்டு, 1859-ல்தான் திருவிதாங்கூர் மன்னரிடம் உத்தரவு வாங்கிய ஊர்க்காரி நான். எனக்கு வயிறு எரிந்தது.

இப்போது அந்தக் கோபம் என் பக்கமே திரும்புகிறது, ராஜம். அங்கே உருவினார்கள், நாம் நகை பூட்டுகிறோம். முப்பது வருடம் சுண்ணாம்புத்தூளோடு நின்றவர் இரண்டிலும் இல்லை. அதே லண்டனில் நாடாளுமன்றச் சதுக்கத்தில் 2018-ல், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடிய மில்லிசென்ட் ஃபாசெட்டை வைத்தார்களே, கோட்டும் கையில் பதாகையுமாக! அங்கே நின்ற ஆண் சிலைகளுக்கு நடுவே முதல் பெண். அப்படி ஒன்று போதும் எனக்கு.

1974 குரூப் போட்டோ உன்னிடம்தானே இருக்கிறது? குடையோடு பக்கவாட்டில் திரும்பி உன்னை முறைத்துக்கொண்டிருப்பாரே, அது. சிற்பிக்குப் பக்கவாட்டு முகம் வேண்டுமாம். செல்போனில் எடுத்து அனுப்பாதே, படத்தையே பதிவுத் தபாலில் போடு. அடுத்த மாதம் கல்லில் உளி வைத்துவிடுவார்.

உன்,
பாக்கியம்