உன்னிடம் இருக்கும் பச்சைப் பெடல்

குரோம்பேட்டை
ஞாயிறு மாலை

மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆச்சு. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன், அதனால்தான் தாமதம். இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு பால்கனி வரை வந்து, நான் துளசிக்குத் தண்ணீர் ஊற்றும் லட்சணத்தைத் திட்டிவிட்டுப் போகிறார்கள். தேறிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்.

"இந்த வயசில் ஏழு கம்பி கிட்டார் எதுக்குடா?" என்று கேட்டிருந்தாய். உண்மையைச் சொல்கிறேன், சிரிக்காதே. சுண்டுவிரல். காலையில் எழுந்தால் மடங்கவே அரை மணி நேரம் ஆகிறது. ஹாஸ்டல் மொட்டை மாடியில் விடிய விடிய பவர் கார்டு, அதான் ச-வும் ப-வும் சேர்ந்த பிடி, பிடித்த அதே விரல். டிராப் ட்யூனிங்கில் அடிக்கம்பியை மட்டும் இறக்கிவிட்டால் அந்தக் கார்டு ஒற்றை விரலைக் குறுக்கே படுக்கவைத்தாலே விழுந்துவிடும். பிளாக் சபாத் கிட்டாரிஸ்ட் டோனி அயோமி 17 வயதில் பர்மிங்ஹாம் தகரத் தொழிற்சாலையில் இரண்டு விரல் நுனிகளைப் பறிகொடுத்தவர். 1971-ல் அவர் கிட்டாரை மூன்று அரைச்சுரம் இறக்கியதற்கு, கம்பி தளர்ந்தால் விரலுக்கு இதம் என்பதும் ஒரு காரணம். என் கேஸ் அவ்வளவு வீரம் இல்லை. வெறும் வயசு.

கிட்டார் பழசுதான், இரண்டாம் கை. வழக்கமான ஆறுக்கும் கீழே வரும் ஏழாவது கம்பி பி. உன் கர்நாடக சங்கீதக் கணக்கில் 7 கட்டை. அதை 6 கட்டைக்கு இறக்கினால் டிராப் ஏ. நான் எங்கே 6-ல் நின்றேன்? முதல் நாளே 5 கட்டைக்குப் போய்விட்டேன். கம்பி, துணி காயப்போடும் கொடி மாதிரி ஆடியது. அடித்த வேகத்தில் கழுத்தின் குறுக்கே இருக்கும் ஃபிரெட் மேலெல்லாம் மோதி சடசடவென்று சத்தம். ட்யூனரைப் பார்த்தால் அடிக்கும்போது ஒரு சுருதி, அடங்கும்போது வேறு சுருதி. இரண்டாவது ரிஃபிலேயே வெறுத்துப்போய் எடுத்து மாட்டிவிட்டேன்.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கம்பியின் விறைப்பு அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு போகிறது. பி என்பது 61.7 ஹெர்ட்ஸ், ஏ 55, ஜி 49. ஒரு கட்டை இறக்கினால் விறைப்பில் ஐந்தில் ஒரு பங்கு காலி. இரண்டு கட்டைக்கு 37 சதவீதம் போய்விடுகிறது. கம்பி அதிரும் நீளம் 25.5 அங்குலத்துக்குப் பதில் 27 இருந்தால் 12 சதவீதம் திரும்பக் கிடைக்கும், ஆனால் என்னுடையது 25.5. மிச்சம் இருப்பது கம்பியின் தடிமன்தான். 56-ஐக் கழற்றிவிட்டு 64 போட்டேன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில். 56-ல் பி எப்படி நின்றதோ, ஏறக்குறைய அதே விறைப்பில் 64-ல் ஏ நிற்கிறது. ஜி ஆசையை விட்டுவிட்டேன். ஸ்வீடனில் மெஷுகா என்ற மெட்டல் குழு 2002-ல் ஒரு ஆல்பத்தை ஏழு கம்பியையே ரொம்ப இறக்கி வாசித்துப் பதிந்துவிட்டு, 2006-ல் எட்டுக் கம்பி கிட்டாரில் திரும்ப வாசித்து வெளியிட்டார்கள். அவர்களுக்கே அப்படி.

64 போட்டதும் அடுத்த வம்பு. கழுத்து உச்சியில் கம்பிகளைத் தாங்கும் நட்டில் இருக்கும் பள்ளத்தில் கம்பி உட்காரவில்லை. கீயைத் திருகினால் ஒன்றும் நடக்காது, திடீரென்று 'டிங்' என்று ஒரு குதி குதித்து சுருதியைத் தாண்டிப் போகும். அரம் வாங்கச் சோம்பல்பட்டு, பழைய 56 கம்பித் துண்டிலேயே உப்புத்தாளைச் சுற்றி இழைத்தேன். நாலு இழுப்பு அதிகமாகிவிட்டது. விரல் வைக்காமல் அடித்தாலே முதல் ஃபிரெட்டில் கம்பி இரைகிறது. சமையலறையில் ஆப்ப சோடாவை ஒரு சிட்டிகை எடுத்துப் பள்ளத்தில் நிரப்பி, மேலே ஃபெவிக்விக் ஒரு சொட்டு. லேசாகப் புகைந்து அந்த நொடியே கல்லாகிவிட்டது. திரும்பவும் இழைத்தேன், இந்த முறை கஞ்சத்தனமாக. "கிட்டாருக்கு ஆப்பமா சுடுறே?" என்று அம்மா கேட்டார்கள்.

டிராப் ஏ-யில் கீழ் மூன்று கம்பியையும் விரல் வைக்காமல் மெதுவாகத் தட்டிப் பார். ஏ, ஈ, ஏ. அதாவது ச, ப, ச. தம்புராவுக்கு டிஸ்டார்ஷன் கரகரப்பு போட்ட மாதிரி இருக்கும். நீ அன்றைக்கே "மெட்டல்காரன் எல்லாம் சுருதிப்பெட்டி வெச்சிக்கிட்டுக் கத்துறாங்க" என்று கிண்டல் பண்ணுவாய். ஒத்துக்கொள்கிறேன்.

இவ்வளவுக்கும் பிறகு ஆம்ப்பில் போட்டால் சத்தம் சேறு. பேஸைக் கூட்டினேன், இன்னும் சேறு. எனக்கு உறைக்க ஒரு வாரம் ஆனது. 12 அங்குலக் கிட்டார் ஸ்பீக்கர் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே சோர்ந்துவிடும். அந்த 55 ஹெர்ட்ஸ் பெட்டியை விட்டு ஒழுங்காக வெளியே வருவதே இல்லை. 110, 165, 220 என்று மேலே அடுக்கடுக்காக வரும் ஒலிகளைக் கேட்டு, அடியில் 55 இருக்கிறது என்று காது தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. நான் அடியைக் கூட்டக் கூட்ட டிஸ்டார்ஷன் திணறி, அந்த மேல் ஒலிகளைத்தான் மூடிக்கொண்டிருந்தது.

கோர்ன் குழுவின் முதல் ஆல்பத்தை, அதுதான் 1994-ல் வந்தது, இந்தக் காதோடு திரும்பக் கேட்டேன். கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் வாய்க்காக 1990-ல் ஐபனேஸ் கம்பெனி கொண்டுவந்த ஏழு கம்பி யூனிவர்ஸ் கிட்டார், வேகவேகமாக சோலோ பறக்கவிடுவதற்கென்றே செய்தது. கலிஃபோர்னியா பேக்கர்ஸ்ஃபீல்டு பையன்களான கோர்ன் அதை எடுத்து ஏழு கம்பியையும் ஒரு கட்டை இறக்கிவிட்டார்கள், சோலோவும் இல்லை. அதில் பேஸ்காரரைக் கவனி. அவருடைய ஐந்து கம்பி பேஸ் கிட்டாரும் ஏ வரை இறங்கியதுதான், ஆனால் காதில் விழுவது டக் டக் என்று ஒரு தட்டல். நம் காலத்தில் மட்டமான ரெக்கார்டிங் என்று நினைத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு கிட்டாரும் கீழே இறங்கி வந்துவிட்டதால் அவர் மேலே ஏறி இடம் பிடித்திருக்கிறார்.

அதனால் இப்போது டிஸ்டார்ஷனைக் கூட்டும் கெயினைப் பாதியாக்கி, பேஸை 3-ல் வைத்து, மிட்டை ஏற்றிவிட்டேன். தனியாகக் கேட்டால் கரகரவென்று ஒல்லியாக இருக்கிறது. டிரம்ஸ் டிராக்கோடு விட்டால் நெஞ்சில் இடிக்கிறது. ஆனால் பாம் மியூட், அதான் உள்ளங்கையால் கம்பியை அமுக்கி அடிப்பது, இன்னும் நறுக்கென்று வெட்டவில்லை. ஆம்ப்புக்கு முன்னால் ஒரு ஓவர்டிரைவ் பெடல், காலால் மிதிக்கும் அந்தச் சின்னப் பெட்டி, வேண்டும். டிரைவ் பூஜ்யம், லெவல் முழுசு. டிஸ்டார்ஷனுக்குள் போவதற்கு முன்பே அடியைச் சீவிவிடும்.

அப்படி ஒரு பச்சைப் பெடல் 2003-ல் என்னிடம் இருந்தது. கல்ச்சுரல்ஸ் முடிந்த ராத்திரி, "நாளைக்குத் தர்றேன்" என்று வாங்கிக்கொண்டு போனாயே, அதே. பேட்டரியை மட்டும் கழற்றிவிட்டு கூரியரில் போடு. நேரில் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

உன்
பழைய ரிதம் கிட்டார்